ஐந்து பேர் போதும்

சேவூரிலிருந்து காலை ஏழே காலுக்குக் கிளம்பும் கம்பெனி வேனில், டிரைவருக்குப் பின்னால் இருக்கும் ஜன்னல் சீட்டில் மைதிலி பெயரை எழுதி வைக்காததுதான் குறை. பதினெட்டு வருஷமாக அதே ரோடு, திருப்பூரில் அதே பனியன் கம்பெனி. துணி மடித்துக் கொடுக்கும் கைமடியாகச் சேர்ந்து, டெய்லராகி, இப்போது மூன்றாம் லைனுக்கு சூப்பர்வைசர். யாரை எந்த மெஷினில் உட்கார வைத்தால் பீஸ் தேங்காமல் ஓடும் என்று கண்ணாலேயே அளந்துவிடுவாள். இன்சார்ஜ் கம்ப்யூட்டரில் போட்டுக்கொண்டு வருகிற திட்டத்தை, அவளிடம் ஒரு வார்த்தை கேட்டு மாற்றிக்கொண்டு போவார். ஆள் பார்க்கத் தெரிந்தவள் என்று பெயர். அந்தப் பெயர் மேல் அவளுக்குக் கொஞ்சம் கூடுதலாகவே ஆசை இருந்தது. வினையும் அங்கிருந்துதான் வந்தது.

அப்படிப்பட்டவள் போனில் விளையாடத் தொடங்கியதற்குக் காரணம் மகள் மோனிஷா. உடுமலைப்பேட்டையில் ஹாஸ்டலில் தங்கிப் படிக்கிறவள். பொங்கல் லீவில் வந்தபோது, வேனில் சும்மா வேடிக்கை பார்த்துக்கொண்டு போகிற அம்மா மேல் இரக்கப்பட்டு ஒரு விளையாட்டை ஏற்றிக் கொடுத்தாள். திரையின் கீழ்ப்பாதியில் ஐந்து நிறத்தில் கற்கள். ஒரே நிறக் கல் மூன்றைச் சேர்த்தால் அவை உடைந்து மேலே பாய்ந்து எதிரியை அடிக்கும். அடியில் வரிசையாக நம் ஆட்கள் ஐந்து பேர், அட்டைப் படங்களாக. உடைகிற கல்லின் நிறம் யாருடையதோ அவருக்குச் சக்தி ஏறும். நிரம்பியதும் தொட்டால் தன் வித்தையைக் காட்டுவார். ஒருவர் ஓங்கி அடிப்பார், ஒருவர் தடுப்பார், ஒருவர் மற்றவர்களின் காயத்தை ஆற்றுவார்.

முதல் மாதம் மைதிலி தோற்றுக்கொண்டே இருந்தாள். கிடைத்த இருபது அட்டைகளையும் பந்தியில் பரிமாறுகிற மாதிரி ஆளுக்கு ஒரு கரண்டி என்று சமமாக வளர்த்தாள். ஒருத்தரும் உருப்படவில்லை. கையில் சக்தி நிரம்பியதும் அவசரப்பட்டு அடித்துவிடுவாள், பெரிய எதிரி வரும்போது கை காலியாக இருக்கும். கடைசியில் வெட்கத்தை விட்டு மகளிடமே போனில் கேட்டாள்.

"அம்மா, அஞ்சு பேர் போதுமுங்கம்மா. அதுல ஒருத்தர் காயம் ஆத்துறவரா இருக்கோணும். மிச்சத்தையெல்லாம் அந்த அஞ்சு பேருக்குள்ள போட்டுருங்க," என்றாள் மோனிஷா.

"போடறதுன்னா?"

"வளர்க்கிற அட்டைய மேல வச்சு, வேண்டாததக் கீழ வைக்கோணும். கீழ இருக்கறது கரைஞ்சுரும். அதோட பலமெல்லாம் மேல இருக்கறதுக்குப் போயிரும்."

அட, இது நம் வேலைதானே என்று மைதிலிக்குச் சட்டென்று புரிந்துவிட்டது. அதன் பிறகு விளையாட்டை லைன் மாதிரியே நடத்தினாள். கல்லை அடியிலிருந்து உடைத்தால் மேலே உள்ளவை தானாகச் சரிந்து இன்னும் நாலு உடையும் என்று கண்டுபிடித்தாள். சக்தி நிரம்பினாலும் பொறுத்திருந்து, ஐவரையும் ஒன்றாக இறக்கப் பழகினாள். தோல்வி குறைந்தது.

ஒரே ஒரு இடைஞ்சல், அட்டைகளின் பெயர்கள். எந்த நாட்டுப் பெயரோ, வாயில் நுழையவில்லை. பனியன் கம்பெனியில் ஆளை மெஷினோடு சேர்த்துத்தான் கூப்பிடுவார்கள்: ஓவர்லாக் செல்லத்தாய், ஃப்ளாட்லாக் சசிகுமார், லேபிள் சத்யப்பிரியா. பெயரை மாற்றிக்கொள்ள விளையாட்டில் வசதி இருந்தது. மைதிலி வேனில் உட்கார்ந்து, இருபது அட்டைக்கும் தன் லைனில் உள்ள இருபது பேரின் பெயரையும் வைத்தாள். வேறு எவளும் செய்ய மாட்டாள் இந்தக் காரியத்தை. தன்னை மட்டும் சேர்க்கவில்லை. சூப்பர்வைசர் போய் மெஷினில் உட்காருவாளா என்ன.

காயம் ஆற்றுகிற பச்சை அட்டைக்குச் செல்லத்தாய் பெயர். அது சரியான பொருத்தம்தான். செல்லத்தாய் சங்கரன்கோவில்காரி. பன்னிரண்டு வருஷமாக இதே லைன். பக்கத்து மெஷினில் யாராவது பின்தங்கினால் கேட்காமலே பாதி பண்டலை இழுத்துப் போட்டுத் தைத்துக் கொடுத்துவிடுவாள். மகள் ஊரில் மாமன் வீட்டில் தங்கி நர்சிங் படிக்கிறது. தினமும் நாலு மணி டீ நேரத்தில் அது போன் பண்ணும். பேசி முடித்துவிட்டு, "ஏளா மைதிலி, எம்புள்ள இன்னைக்கு ஊசி போடப் படிச்சிருக்கா," என்று லைன் முழுக்கக் கேட்கச் சிரிப்பாள். அந்தச் சிரிப்பு மைதிலிக்குப் பிடிக்கும். உண்மையைச் சொன்னால், கம்பெனிக்குள் அவளுக்கு இருந்த ஒரே தோழி செல்லத்தாய்தான்.

முதலில் கரைத்தது கைமடி பூவாத்தாளை. ஒரு வெள்ளிக்கிழமை சாப்பாட்டு நேரம். பூவாத்தாள் பெயரில் இருந்த மஞ்சள் அட்டை சண்டைக்கு லாயக்கில்லாதது. செல்லத்தாயை மேலே வைத்து, பூவாத்தாளைக் கீழே வைத்து, பொத்தானை அழுத்தினாள். அட்டை உப்புப் போலக் கரைந்து போனது. செல்லத்தாய் ஒரு படி ஏறினாள்.

மறுநாள் கைமடி பூவாத்தாள் வேலைக்கு வரவில்லை. மூன்று நாள் பார்த்துவிட்டு மைதிலி போன் போட்டாள். கணியூரில் மகள் வீட்டில் இருப்பதாகச் சொன்னாள் பூவாத்தாள்.

"வேலைக்கு எப்பங்க்கா வர்றீங்க?"

"எந்த வேலைங்க?"

"கம்பெனிக்குங்க. நான் மைதிலி பேசறேன்."

"நீங்க ஆருன்னு தெரியலீங்களே. நானெந்தக் கம்பெனிக்குங்க போனேன்?" குரலில் கோபமோ கேலியோ இல்லை. வழி தெரியாமல் வந்தவரிடம் பேசுகிற மரியாதை மட்டும் இருந்தது.

வயசாகிவிட்டது, மறதி வந்துவிட்டது என்று மைதிலி மனசை ஆற்றிக்கொண்டாள். ஆனால் அன்றைக்கு மதியம் செல்லத்தாய் பீஸ் அடுக்குவதைக் கேட்டபோது அவள் அப்படியே நின்றுவிட்டாள். "லாபம், ரெண்டு, மூணு..." என்று எண்ணிக்கொண்டிருந்தாள் செல்லத்தாய். ஒன்று என்று சொல்லாமல் லாபம் என்று தொடங்குகிறவள் அந்த லைனில் பூவாத்தாள் ஒருத்திதான். செல்லத்தாய் தைத்துக்கொண்டும் இருந்தாள், தைத்ததை மடித்து அடுக்கிக்கொண்டும் இருந்தாள். இரண்டு ஆள் வேலை. பீஸ் தேங்கவே இல்லை.

இரண்டாவது சசிகுமார். மைதிலிக்கு அப்போதும் விளையாட்டின் மேல் சந்தேகம் வரவில்லை என்பதை நம்பலாம். திங்கட்கிழமை வேனில் வரும்போதே அவன் அட்டையைக் கரைத்திருந்தாள். காலை பத்தரைக்கு சசிகுமார் ஓடிக்கொண்டிருந்த ஃப்ளாட்லாக் மெஷினை நிறுத்திவிட்டு எழுந்தான். பாதி மடித்துத் தைத்த பீஸ் ஊசிக்கு அடியிலேயே இருந்தது. நேராகக் கேட்டுக்குப் போனான். வெளியே போகிறவர் பெயரை எழுத வேண்டும் என்று வாட்ச்மேன் கேட்டபோது, சட்டையில் தொங்கிய கம்பெனி அட்டையைத் தூக்கிப் பார்த்து, எழுத்துக்கூட்டி வாசித்துச் சொன்னானாம். தேடி வந்த மைதிலியிடம் வாட்ச்மேன் இதைச் சிரித்துக்கொண்டே சொன்னான். மைதிலிக்குச் சிரிப்பு வரவில்லை. அவள் திரும்பி வந்து பார்த்தபோது செல்லத்தாய் கத்தரியை இடது கையில் பிடித்து நூல் வெட்டிக்கொண்டிருந்தாள். சசிகுமார் இடது கைக்காரன்.

இதோடு நிறுத்தியிருக்கலாம். போனைத் தூக்கி எறிந்திருக்கலாம். ஆனால் அந்த வாரம் பார்த்து இன்சார்ஜ் வந்து நின்றார்.

"மைதிலிக்கா, சனிக்கிழமை கன்டெய்னர்ல சரக்கு ஏறோணுங்க. ரெண்டு ஆள் கொறஞ்சும் உங்க லைன் மட்டுந்தானுங்க முன்னால நிக்குது. எப்புடியாச்சும் முடிச்சுக் குடுத்துருங்க. உங்களால ஆகாததுங்களா?"

ஆள் பார்க்கத் தெரிந்தவள் என்ற பெயர் உச்சிக்கு ஏறியது. லேபிள் வைக்கிற சத்யப்பிரியா கொஞ்சம் வாய் நீளம், முதல் நாள்தான் எதிர்த்துப் பேசியிருந்தாள். மைதிலி தெரியாமல் செய்தாள் என்று சொல்ல எனக்கும் ஆசைதான். தெரிந்துதான் செய்தாள். பாத்ரூமில் நின்றுகொண்டு சத்யப்பிரியாவைச் செல்லத்தாய்க்குள் போட்டாள். வெளியே வந்தபோது அந்தப் பெண்ணின் செருப்பு மெஷினுக்கு அடியில் கிடந்தது. பெண் வெறுங்காலோடு ரோட்டில் போய்க்கொண்டிருந்தாள். ஒருவரும் தடுக்கவில்லை.

சரக்கு வெள்ளிக்கிழமையே ஏறிவிட்டது. செல்லத்தாய் தைத்தாள், விளிம்பை மடித்து ஹெம் அடித்தாள், லேபிள் வைத்தாள், அடுக்கினாள். டீ குடிக்கக்கூட எழவில்லை. பக்கத்து லைன் வடக்கத்திப் பெண்கள் அவளைப் பார்த்துத் தங்களுக்குள் இந்தியில் ஏதோ சொல்லி, மெஷினைத் தள்ளிப் போட்டுக்கொண்டார்கள். செல்லத்தாய் சிரித்தால் சத்யப்பிரியா மாதிரி வாயைக் கையால் மூடிக்கொண்டாள். பேசினால், "ஏனுங், சொல்லுங்," என்றாள். அந்தச் சங்கரன்கோவில் ஏளா போயே போய்விட்டது. எதிரே உட்கார்ந்து முகத்தைப் பார்த்தால் மூன்று பேர் மாறி மாறி எட்டிப் பார்ப்பது போலிருந்தது. செல்லத்தாய் மட்டும் எங்கோ உள்ளே, கூட்டத்துக்குப் பின்னால் நின்றாள்.

அடுத்த திங்கட்கிழமை நாலு மணிக்கு அவள் மகள் கூப்பிட்டது. செல்லத்தாய் போனைக் காதில் வைத்து, கொஞ்ச நேரம் கேட்டாள். பிறகு அதை மைதிலியிடம் நீட்டினாள்.

"ஆரோ ஒரு புள்ளைங்க. அம்மா அம்மாங்குது. நீங்களே கேளுங்க, பாவம், நம்பர் மாறிப் போச்சாட்ட இருக்குது."

போனுக்குள் அந்தப் பெண், "எம்மா, என்னம்மா இப்படி பேசுத?" என்று அழுதுகொண்டிருந்தது. "அம்மாவுக்குக் காய்ச்சல் கண்ணு, நாளைக்குப் பேசுவாங்க," என்று மைதிலி பொய் சொல்லி வைத்தாள்.

உடனே மோனிஷாவைக் கூப்பிட்டாள். "கண்ணு, உள்ள போட்டதை வெளிய எடுக்க முடியுமா?"

"முடியாதுங்கம்மா. போட்டாப் போட்டதுதான்."

"விளையாட்டையே அழிச்சுட்டா?"

"அழிச்சா அஞ்சு பேரும் போயிருவாங்க. ஏம்மா, ஒரு மாதிரி பேசறீங்க?"

ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டு மைதிலி வெட்டுத் துணி மூட்டையின் மேல் உட்கார்ந்தாள். கரைந்தவர்கள் தங்கள் கைவேலையை மட்டும் கொண்டு போகவில்லை. எண்ணுகிற பழக்கம், சிரிக்கிற பழக்கம், மனசில் இருந்த எல்லாமே செல்லத்தாய்க்குள் போயிருக்கிறது. அப்படியானால் பழைய செல்லத்தாய் இப்போது எங்கே இருக்கிறாள்? யோசித்துப் பார்த்தால் ஒரே இடத்தில்தான் இருக்கிறாள். பன்னிரண்டு வருஷம் அவள் பேசியதையும் சிரித்ததையும், மகளைப் பற்றிச் சொன்ன ஒவ்வொன்றையும் கேட்டு வைத்திருப்பது மைதிலியின் மனசு. அது உள்ளே போனால் செல்லத்தாயும் உள்ளே போவாள்.

அன்றைக்கு விளையாட்டில் கிடைத்த இலவச அட்டை ஒன்று பெயர் வைக்காமல் இருந்தது. அதற்கு மைதிலி என்று பெயர் எழுதினாள். மெஷின் மேசையில் கிடந்த குறி போடும் பேனாவை எடுத்து, உள்ளங்கையில் மோனிஷாவின் பெயரையும் நம்பரையும் அழுத்தி எழுதிக்கொண்டாள். பயம் இல்லாமல் இல்லை. தன் மகளின் முகத்தை ஒருமுறை நினைத்துப் பார்த்தாள், நெற்றியில் உள்ள சின்னத் தழும்பு வரைக்கும். சத்யப்பிரியாவுக்கு இப்படி நினைத்துப் பார்க்கக்கூட அவள் நேரம் கொடுக்கவில்லை. அந்த எண்ணம் வந்ததும் விரல் தயங்கவில்லை. மேலே செல்லத்தாய், கீழே மைதிலி. அழுத்தினாள்.

வலி ஒன்றும் தெரியவில்லை. வேலை முடிந்தது, வெளியே போகலாம் என்று மட்டும் தோன்றியது. எழுந்து, மெஷின்களுக்கு நடுவே நடந்தாள். நல்ல வெளிச்சமான இடம், நிறையப் பேர் வேலை செய்கிறார்கள். ஓவர்லாக் மெஷினில் உட்கார்ந்திருந்த பெண் தலையைப் பிடித்துக்கொண்டு, தூங்கி எழுந்தவள் போலச் சுற்றுமுற்றும் பார்த்தாள். பிறகு போனை எடுத்து, "ஏட்டி, அம்மாதான் பேசுதேன், எதுக்குட்டி அழுத?" என்று சொல்லி லைன் முழுக்கக் கேட்கச் சிரித்தாள். கேட்பதற்கு நன்றாக இருந்தது.

கேட்டை நெருங்கும்போது அதே பெண் பின்னால் கூப்பிடுவது கேட்டது. "ஏளா மைதிலி! எங்கட்டி போற? மைதிலி!"

யாரோ மைதிலியாம். இவ்வளவு ஆசையாகக் கூப்பிடுகிறார்கள், பாவம், அவளுக்குக் காது கேட்கவில்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு, அவள் திரும்பிப் பார்க்காமல் வெளியே நடந்தாள்.