துடைக்காத கண்ணாடி

என் கையெழுத்து கோணலாக இருக்கும், பிழையும் இருக்கும். ஐந்தாவதுக்கு மேல் படிக்கவில்லை, மன்னித்துக்கொள்ளுங்கள்.

போன வருஷம் ஐப்பசி மழையில் நடந்தது இது. கோலார் தங்கவயலில் இருந்து தினமும் ரயில் ஏறி, பெங்களூரில் ஒரு கல்லூரி ஆராய்ச்சிக் கூடத்தைப் பெருக்கித் துடைக்கப் போகிறேன். கான்ட்ராக்ட் வேலை. அங்கே ஒரு மாணவி டி.என்.ஏ.வைக் கண்ணாடி வில்லையில் மெல்லிசாகப் பூசி, ஈரம் புகாத பெட்டிக்குள் வைத்திருப்பாள். கண்ணுக்குத் தெரியாத புற ஊதா ஒளியை அது எவ்வளவு இழுத்துக்கொள்கிறது என்று மிஷின் எண் காட்டும். சூட்டிலும் ஈரத்திலும் அந்த எண் எப்படி மாறுகிறது என்பதுதான் அவள் ஆராய்ச்சி. ஒருநாள், "இன்னைக்கு மெல்டிங், அண்ணா" என்றாள். நான் உலை எங்கே என்று தேடினேன், தங்கம் உருக்கிய ஊர்க்காரன் அல்லவா. "டி.என்.ஏ.வோட ரெண்டு இழையும் பிரியறதுக்கு சின்ன டியூப சுட வைக்கிறதுதாண்ணா" என்று சிரித்தாள்.

ஒரு திங்கட்கிழமை வில்லையின் எண் இறங்கியிருந்தது. பேராசிரியர் என்னைக் கூப்பிட்டார்.

"பூச்சு குறைஞ்சிருக்கு. பெட்டியத் திறந்து துடைச்சீங்களா?"

நான் அந்தப் பெட்டியைத் தொட்டதே இல்லை. ஆனால் அதைச் சொல்ல வாய் வரவில்லை, தலை குனிந்து நின்றேன். ஒப்புக்கொண்டதாக எடுத்துக்கொண்டார்.

"நாளைக்கு வந்து லேப் சாவியக் குடுத்துட்டுப் போங்க. இனிமே வேலைக்கு வர வேண்டாம்."

ரயிலில் பக்கத்து வீட்டுக்காரர், "இன்னாப்பா, சாவு வூட்டுக்குப் போய் வந்தமாரி கீறே?" என்றார். பங்காருபேட்டை தாண்டும்வரை ஜன்னல் பக்கம் திரும்பி மழையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வேலை போனதை வீட்டிலும் மறைத்தேன்.

மறுநாள் சாவியோடு போனேன். மாணவி பேராசிரியரை மிஷின் முன்னால் நிற்க வைத்திருந்தாள். அதே வில்லையை நன்றாக உலர்த்தி மறுபடி அளந்திருக்கிறாள். எண் பழையபடி ஏறிவிட்டது.

"துடைச்சிருந்தா போனது திரும்பி வருமா சார்? மூடி ரப்பர் விட்டுப்போச்சு, மழை ஈரம் உள்ள போயிருக்கு. ஈரம் பட்டா குறைவா இழுக்கும், காஞ்சா அதிகமா இழுக்கும். அண்ணன் தொடல."

அவர் ரப்பரை விரலால் தடவிப் பார்த்தார். "சரி, போய் வேலையப் பாருங்க" என்றார். அவ்வளவுதான்.

வேலை நிலைத்தது. ஆனால் அந்த அறைக்குள் போனால் இன்றும் அந்தப் பெட்டிக்கு எட்டி நின்றே பெருக்குகிறேன். என் வாயால் சொல்ல முடியாததை அந்தப் பெண் அளந்து பார்த்துச் சொல்லாமல் போயிருந்தால், செய்யாத தப்பைச் செய்தவனாகவே வீடு திரும்பியிருப்பேன் என்ற நினைப்பு என்னை விட்டுப் போகவே இல்லை.

கார்த்திகை 3, ஞாயிற்றுக்கிழமை.