தேவசேனாவின் விலக்கு விசை

மன்னவனூரில் கேரட் போடும் ராஜமுருகனுக்கும், கொடைக்கானல் கல்லூரியில் இயற்பியல் நடத்தும் அவன் மனைவி தேவசேனாவுக்கும் சண்டை வராத நாளே கிடையாது. அவள் கணக்கில் உட்கார்ந்தால் அடுப்பில் சோறு தீய்ந்துபோகும். அவனுக்கோ வாய் சும்மா இருக்காது.

அவளுடைய ஆராய்ச்சி அப்படிப்பட்டது. ஒரு கூட்டம் துகள்கள். வெப்பம் வெளியே போகலாம், உள்ளே வரலாம். துகள்களும் அப்படியே. இருக்கும் இடமும் விரியலாம், சுருங்கலாம். இப்படி எல்லாவற்றையும் திறந்துவிட்டால் சாதாரணப் பொருள் எந்த அளவிலும் நிலைக்காது. தொலைவிலிருந்தே ஒன்றையொன்று பாதிக்கும் துகள்களென்றால் நிலைக்குமா என்று தேடிக்கொண்டிருந்தாள்.

"எல்லாத்தையும் தெறந்து போட்டா ஆட்டுப்பட்டியே நிக்காது. இதுக்குப் போயி மண்டைய ஒடச்சிக்கிட்டு கெடக்கியே" என்பான் அவன். கணக்கும் அவன் பக்கமே பேசியது. ஈர்ப்பை மட்டும் வைத்து அவள் போட்டதெல்லாம் காலை வாரியது.

ஒருநாள் காய்ச்சலில் கிடந்தவன், "இருக்கானா செத்தானான்னு ஒரு வார்த்த கேட்டியா?" என்று கத்தினான். அவள் தலை நிமிராமல் ஒரு நிமிஷம் என்றாள். அதோடு அவன் சண்டையை நிறுத்திவிட்டான்.

தீய்ந்த சோற்றையும் பேசாமல் தின்றான். மனுஷன் ஒருவழியாகத் திருந்திவிட்டான் என்று அவளுக்கு ஏக நிம்மதி. அந்த நிம்மதியில்தான் ஈர்ப்போடு விலக்கு விசையையும் சேர்த்துப் பார்த்தாள். துகள்கள் நிலைத்து நின்றன. அத்தனை படித்தவளுக்குத் தன் வீட்டைப் பார்க்கத் தெரியவில்லையே, அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

மதுரையில் முனைவர் பட்டத்துக்கான வாய்மொழித் தேர்வு. விலக்கு விசை எதற்கு என்று கேட்டார்கள். "ஈர்ப்பு மட்டும் பத்தல சார். தள்ளுறதும் இருந்தாத்தான் நிக்குது" என்றாள். எல்லோரும் கைதட்டினார்கள்.

இனிப்போடு மலையேறி வந்தாள். வீடு பூட்டிக் கிடந்தது. சாவியைத் தந்த பக்கத்து வீட்டு ராஜகுமாரி, அவன் பெட்டியோடு பெரும்பாறையில் இருக்கும் அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டதாகவும், இனி வரமாட்டான் போலிருக்கிறது என்றும் சொன்னாள்.

தேவசேனா போனில் அவனை வாய்க்கு வந்தபடி திட்டினாள். சொல்லாமல் ஓடிப்போகிறவன் ஒரு ஆம்பளையா என்றுகூடக் கேட்டாள். பதிலுக்கு அவன் ஒரு வார்த்தை திட்டினால் போதும், அந்த நிமிஷமே அவனைக் கூட்டிவர பஸ் ஏறியிருப்பாள்.

"நீ சொல்றது சரிதான் தேவசேனா" என்றான்.

அவளுக்கு அழுகை பொங்கியது. "என்கூடச் சண்டையாவது போடுங்க" என்று கெஞ்சினாள்.

"எதுக்கு?" என்று அவன் மெதுவாகக் கேட்டான்.