ரேஞ்சுக்குப் போகும் வழி

"ஜூன் 4, செவ்வாய். ரேஞ்சு: இங்கே அது ஓர் இடத்தின் பெயர்."

என் குறிப்பேட்டில் அந்தத் தேதிக்குக் கீழே இவ்வளவுதான் இருக்கிறது. தேவிகுளத்துக்கு அப்பால் ஒரு தேயிலை எஸ்டேட்டின் தமிழ்ப் பள்ளிக்கு ஆசிரியராக மாற்றலாகி வந்த இரண்டாம் நாள் எழுதியது.

அந்தச் சொல்லின் பொருள்களை அதற்கு முன்பிருந்தே சேர்த்துக்கொண்டிருந்தேன். பாலக்காட்டுப் பக்கம் எங்கள் கொழிஞ்சாம்பாறையில் ஒருவருடைய வசதியைச் சொல்ல அது போதும்: "அவிய ரேஞ்சுக்கு நம்ம ஊட்டுக்கெல்லாம் வருவாங்களா?" பொள்ளாச்சி ஜவுளிக்கடையில் முதல் கேள்வியே, "என்ன ரேஞ்சுல பாக்கறீங்க?" காட்டிலாகாவுக்கும் கலால் இலாகாவுக்கும் ரேஞ்சு என்றால் ஓர் எல்லை, அதற்கு ஓர் ஆபீசு. அகராதியில் மலைத்தொடர், இடுக்கி மலைப்பகுதியையே ஹைரேஞ்சு என்றுதான் சொல்கிறார்கள். செல்போனுக்கு வரும் சிக்னலும் கேரளத்தில் ரேஞ்சுதான்.

எஸ்டேட்டில் தொழிலாளர்களின் லைன் வீடுகளில் செல்போன் எடுக்காது. குழந்தைகள் காப்பகத்து வாசலில் நிற்கும் சில்வர் ஓக் மரத்தடியில் மட்டும் எடுக்கும். "ரேஞ்சுக்குப் போறேன்" என்றால் அந்த மரத்துக்குப் போவது. கொழுந்து பறிக்கப் போகும் பெண்கள் காலையில் போனை பிளாஸ்டிக் கவரில் போட்டு, மரத்தில் அடித்திருக்கும் ஆணிகளில் மாட்டிவிட்டுப் போவார்கள். மணி அடித்தால் பக்கத்தில் இருப்பவர் யாரானாலும் எடுத்து, "இருக்காக, கூப்பிடுதேன்" என்று சொல்லிவிட்டு, கீழே தோட்டத்தைப் பார்த்துச் சத்தம் போட வேண்டும். உரியவர் ஓடி வருவார்.

நானும் அங்கே நின்றுதான் ஊருக்குப் பேசுவேன். "ஏனுங்க, ஒரே கொழந்தைக அழுகற சத்தமா இருக்குதுங்களே, எங்க நின்னு பேசறீங்க?" என்பாள் மனைவி. காப்பகத்து ஆயா விடமாட்டார்: "சம்சாரத்துக்கிட்ட பேசும்போது மட்டும் சார் மரத்தைக் கட்டிப்புடிச்சுக்கிட்டுல்லா நிக்காரு!"

ஜூலை 16, செவ்வாய். மழைக்காகப் பள்ளிகளுக்கு விடுமுறை. கொழுந்து பறிப்புக்கு விடுமுறை இல்லை. மனைவியிடம் பேசிவிட்டுத் திரும்பும்போது ஆணியில் ஒரு போன் அடித்தது. பக்கத்து வீட்டு அக்காவுடையது. அவர் கணவர் நெஞ்சு நோயோடு தேனியில் ஓர் ஆஸ்பத்திரியில் இருந்தார். இரண்டு வாரம் கூடவே இருந்த அக்கா, மகன் வந்து மாற்றிவிட, முந்தின நாள்தான் வேலைக்குத் திரும்பியிருந்தார். ஆயா உள்ளே குழந்தைகளுக்குச் சோறூட்டிக்கொண்டிருந்தார். நான் எடுத்தேன்.

மகன்தான் பேசினான். "அம்மா இருக்காகளா? அப்பா பேசணும்னு மாஸ்க்க எடுக்கச் சொல்லிக் கையக் காட்டுதாக. அவுக காதுல வைக்கேன். கட் பண்ணிராதீக."

"இதா, கொண்டு போறேனுங்க" என்றேன்.

இந்த மழையில் சத்தம் போட்டால் கேட்காது, ஆளைக் கூட்டி வருவதைவிடப் போனைக் கொண்டு போவதுதான் சீக்கிரம் என்று தோன்றிவிட்டது. எங்கள் ஊரில் அப்படித்தான் செய்வோம். நனையாமல் இருக்கச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு, வழுக்கும் படிகளில் இறங்கினேன். அக்கா தலையில் சாக்கோடு நிமிர்ந்து பார்த்தார். போனை நீட்டினேன். காதில் வைத்து "ஏங்க, ஏங்க" என்றார். அழைப்பு எப்போதோ அறுந்திருந்தது.

"போனை எதுக்கு சார் தூக்கிட்டு வந்தீக? ஒரு சத்தம் போட்டா ஓடியாந்திருப்பேனே!"

கூடையை அப்படியே போட்டுவிட்டு மரத்துக்கு ஓடினார். நான் பின்னால் போனேன். இரண்டு தடவை மணி அடித்தும் மகன் எடுக்கவில்லை. மூன்றாவது தடவை எடுத்தான், அழுதுகொண்டிருந்தான். அக்கா மரத்தின் ஈரப் பட்டையில் நெற்றியை வைத்துக்கொண்டு நின்றார்.

நடந்தது பிறகுதான் தெரிந்தது. அப்பாவின் மூச்சு மாறியதும் மகன் போனைத் தலையணையில், அவர் வாயருகே, வைத்துவிட்டு நர்சைக் கூப்பிட ஓடியிருக்கிறான். பக்கத்துக் கட்டில்காரர், உதடு அசைந்ததைப் பார்த்தேன் என்கிறார். சத்தம் வந்ததா என்று அவரால் சொல்ல முடியவில்லை.

இரண்டு போன்களிலும் அந்த அழைப்பு மூன்று நிமிடம் பன்னிரண்டு விநாடி. விடுமுறை நாள் ஒன்றில் என் போனில் மனைவியை அழைத்து, கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு அதே படிகளில் இறங்கினேன். பாதி வழியில் உள்ள வளைவு வரை, இரண்டு நிமிடத்துக்கும் மேலாக, அவள் குரல் கேட்டுக்கொண்டுதான் இருந்தது.

முப்பதாம் நாள் பூசை முடிந்து கோயில் வாசலில் அக்கா என்னை நிறுத்தினார்.

"ஒரு வார்த்தையாச்சும் காதுல விழுந்துச்சா சார்?"

"காதுல வெக்கலைங்க அக்கா. பைக்குள்ள இருந்துச்சுங்க."

"பேசியிருப்பாக. என்கிட்ட சொல்லாமப் போறவுக இல்ல."

கணவர் பேசினார் என்றே என் குறிப்பேட்டில் எழுதச் சொன்னார். எழுதினேன், பக்கத்தில், "அக்கா சொன்னது" என்றும் சேர்த்தேன். அன்று அந்த இரண்டு நிமிடத்தில் என் சட்டைப் பைக்குள் ஏதாவது குரல் வந்ததா என்பது இன்னும் உறுதியாகவில்லை.