மூன்றாம் வருஷத்து இனிஷியல்

வளையப்பந்து என்று சொன்னால் சங்கரன்கோவிலில் நாலு பேர் முழிப்பார்கள். வலைக்கு மேலே ரப்பர் வளையத்தை எறிந்து பிடிக்கிற ரிங் என்று சொல்லிப் பாருங்கள், பள்ளிக்கூடம் போன பொம்பளைகளுக்கெல்லாம் கை துறுதுறுக்கும். எழுபத்து நாலில் ஜவுளிக்கடை சங்கரநாராயணன் தன் தகப்பனார் நினைவாகப் பெண்களுக்கென்று ஒரு ரிங் போட்டி வைத்தார். முழ உயரத்தில் வெள்ளி முலாம் பூசிய கோப்பை. ஜெயித்தவர் ஒரு வருஷம் வைத்திருந்து திருப்பித் தர வேண்டும். தொடர்ந்து மூன்று வருஷம் ஜெயித்தால் அவருக்கே சொந்தம். அப்படி ஒருத்தி வந்து வாய்ப்பாள் என்று அவர் கனவிலும் நினைக்கவில்லை.

ஆவுடையம்மாள் வந்து வாய்த்தாள். குருவிகுளம் யூனியன் ஆபீசில் டைப்பிஸ்ட். போகவர பஸ்ஸில் நின்றே கால் கடுத்தாலும், சாயங்காலம் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு மைதானத்தில் இறங்கிவிடுவாள். முதல் இரண்டு வருஷமும் ஃபைனலில் எதிரே நின்றவள் புளியங்குடி டீச்சர் ஞானபூரணம். இரண்டு வருஷமும் இரண்டே பாயிண்டில் தோற்றாள்.

மூன்றாம் வருஷத்துக்குள் ஆவுடையம்மாளுக்குக் கல்யாணம் ஆகிவிட்டது. போட்டிக்கு மனு எழுதிக் கொடுத்தவர் புருஷன் சௌந்தரபாண்டியன். புதுமாப்பிள்ளை முறுக்கு சும்மா இருக்குமா? தகப்பனார் பொன்னுச்சாமியின் 'பொ.' போய் 'சௌ. ஆவுடையம்மாள்' என்று கொட்டை எழுத்தில் எழுதினார். அவளுக்கும் உள்ளூரச் சந்தோஷம்தான்.

ஃபைனலில் மறுபடியும் ஞானபூரணம். மறுபடியும் இரண்டே பாயிண்ட். கோப்பையை வாங்கப் போனால் சங்கரநாராயணன் அதை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். முதல் இரண்டு வருஷமும் ஜெயித்தது பொ. ஆவுடையம்மாள், இது சௌ. ஆவுடையம்மாள், சட்டப்படி இது முதல் வருஷம்தான் என்றார். அவள் கல்யாணத்துக்கு வந்து இரண்டாம் தடவை கேட்டுப் பாயசம் குடித்த மனுஷன்! அடுத்த வருஷத்துக்குப் புதுக் கோப்பை வாங்க வேண்டுமே என்ற கவலை அவருக்கு. சௌந்தரபாண்டியன் தலை குனிந்து நின்றார்.

அப்போதுதான் ஞானபூரணம் முகத்தைத் துடைத்துக்கொண்டே முன்னால் வந்தாள்.

"அண்ணாச்சி, மூணு வருசமா என்னைய அழவச்சது இந்தக் கைதான். எனக்குத் தெரியாதா? இனிஷியலா வந்து ரிங்க எறிஞ்சுது? குடுத்திருங்க."

கூட்டம் சிரித்துவிட்டது. அதற்குமேல் அவர் என்ன செய்வார், கொடுத்துவிட்டார்.

பஸ் ஸ்டாண்டு வரைக்கும் இருவரும் சேர்ந்தே நடந்தார்கள். பேசாமல் இருந்திருந்தால் அடுத்த வருஷம் ஞானபூரணமே அந்தக் கோப்பையை எடுத்திருக்கலாமே என்று ஆவுடையம்மாள் கேட்டாள்.

"ஒன்னைய ஜெயிச்சுல்லா எடுக்கணும்" என்றாள் ஞானபூரணம். "அடுத்த வருசம் புதுக் கப்புக்கு வா, பாத்துக்கிடுதேன்."

அந்த அடுத்த வருஷம் வரவே இல்லை. சங்கரநாராயணன் புதுக் கோப்பை வாங்கவில்லை. போட்டி அதோடு நின்றது. ஞானபூரணத்துக்குத் தூத்துக்குடிப் பக்கம் மாற்றலாகிவிட்டது.

பத்து வருஷத்தில் ஆவுடையம்மாள் உடம்பு பெருத்து, ஆபீசில் ஹெட்கிளார்க்கும் ஆகிவிட்டாள். சாயங்காலம் பள்ளிக்கூட மைதானத்தைத் தாண்டும்போது மட்டும் நடை தானாக மெதுவாகும். கோப்பை கிடைத்த சந்தோஷத்தைவிட, அது கிடைக்காமல் இன்னும் நாலு வருஷம் ஞானபூரணத்தோடு மல்லுக்கட்டியிருக்கலாமே என்ற ஏக்கம்தான் அவளுக்குப் பெரிதாக இருந்தது. வீட்டுக்கு வருகிறவர்கள் ஷோகேஸைப் பார்த்து, இதை ஜெயித்தது யார் என்று கேட்பார்கள்.

"நானும் புளியங்குடி டீச்சரும்" என்பாள்.