தவுட்டுக் கடைக் காமிரா

உத்திரமேரூர் கடைத்தெருவில் தவுடு, புண்ணாக்குக் கடை வைத்திருந்த சிராஜுதீன் தன் நிழலையே நம்பாதவன். பூட்டைப் பூட்டி இழுத்துப் பார்ப்பான். நாலு எட்டு போய்விட்டுத் திரும்பி வந்து இன்னொரு தரம் இழுப்பான். டீக்கடையில் டம்ளரை வெளிச்சத்தில் பிடித்து அளவு பார்ப்பான். முப்பத்தைந்து வயதுக்குள் மனுஷனுக்கு என்னென்னவோ கைவரும். இவனுக்குக் கைவந்தது சந்தேகம் ஒன்றுதான்.

அது கடைசியில் அருள்தாஸ் மேல் வந்து உட்கார்ந்தது. அருள்தாஸ், காவாந்தண்டலத்திலிருந்து சைக்கிள் மிதித்து வருகிற சுமைக்காரன். சிராஜின் தகப்பனார் காலத்திலிருந்தே அந்தக் கடை மூட்டையெல்லாம் அவன் முதுகில் ஏறித்தான் இறங்கின. கடையில் ஒரு மூட்டைகூடக் குறைந்ததில்லை. குறையாவிட்டால் என்ன, சிராஜுக்குக் குறைந்த மாதிரி தோன்றியது. அவனுக்கு அது போதும்.

பெண்டாட்டி பதுருன்னிசாவின் தம்பி ஆசிக் சென்னையில் இன்ஜினீயரிங் படித்துக்கொண்டிருந்தான். காலேஜ் ப்ராஜெக்டுக்கு வாங்கின குட்டிக் கம்ப்யூட்டர் ஒன்று அவனிடம் சும்மா கிடந்தது. சோப்பு டப்பா அளவுப் பெட்டி. திரை கிடையாது, கீபோர்டு கிடையாது, உள்ளே லினக்ஸ் ஓடும். அதில் ஒரு வெப்கேமைச் செருகி, நிமிஷத்துக்கு ஒரு படம் எடுத்து மெமரி கார்டில் போடும்படி செய்து கொடுத்தான். படத்தின் மூலையில் தேதியும் மணியும் விழும். பரணில், காலிச் சாக்குகளுக்கு நடுவே அதை ஒளித்து வைத்தார்கள்.

"மச்சான், இதுல கடியாரத்துக்கு பேட்டரி கெடையாது. கரண்டு போனா தேதிய மறந்துடும். ஒரு யுபிஎஸ் வாங்கிப் போட்டுடுங்க" என்றான் ஆசிக்.

"ஏன், யுபிஎஸ் கடைக்காரன் உனக்கு எதுனா தரேன்னு சொல்லிக்கிறானா?" என்றான் சிராஜ். தினமும் பகலில் கரண்டு போய் வருகிற ஊர் அது. யுபிஎஸ் வாங்காமல் மச்சினன் மேலேயே சந்தேகப்பட்டால் உருப்பட்ட மாதிரிதான்.

ஒரு மாதம் கழித்து, ஒரு சனிக்கிழமை சாயங்காலம் பிரவுசிங் சென்டரில் கார்டைப் போட்டுப் பார்த்த சிராஜுக்குத் தலைகால் புரியவில்லை. தான் இல்லாத நேரத்தில் அருள்தாஸ் தோளில் ஒரு சாக்கோடு கடையை விட்டு வெளியே போகிறான். மூட்டை இறக்கும்போது தரையில் சிந்துவதைக் கூட்டி அள்ளி, சனிக்கிழமை சுமைக்காரன் வீட்டுக்கு எடுத்துப்போவது அந்தத் தெருவின் வழக்கம். சிந்தல் என்பார்கள். சிராஜ் தவழ்ந்த நாளிலிருந்து பார்த்த வழக்கம்தான். ஆனால் காமிராவில் விழுந்துவிட்டதே, அப்போது அது திருட்டாகத்தானே இருக்கவேண்டும். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்.

போலீசுக்குப் போகிறேன் என்று குதித்தான். எதிரே மளிகைக் கடை வைத்திருந்த ஆண்டாளம்மாள், "மொதல்ல எங்களுக்குக் காட்டு" என்றாள். கடைக்காரர்கள் நாலைந்து பேர் பிரவுசிங் சென்டரில் கூடினார்கள். ஆள் அனுப்பி வரவழைத்த அருள்தாஸ் வாசலிலேயே நின்றான். திருடன் என்று பேர் விழுந்தால் அந்தத் தெருவில் எந்தக் கடையும் அவனை அண்டவிடாது. அது அங்கே நின்ற எல்லாருக்கும் தெரியும்.

ஆண்டாளம்மாள் கண்ணாடியை மாட்டிக்கொண்டு படத்தின் மூலையை வாசித்தாள். "ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுவது, ஜனவரி ஒண்ணு. ராத்திரி பன்னண்டே கால்."

படத்தில் வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது.

"நான் பொறந்ததே எழுவத்தஞ்சுல, பாய்" என்றான் அருள்தாஸ்.

"நீ மட்டுமா? எழுவதுல இவங்க அத்தாவுக்கு நிக்காவே ஆவல" என்றாள் ஆண்டாளம்மாள். "அது சிந்தல்டா சிராஜு. உங்க அத்தா தன் கையாலயே அள்ளிப் போடுவாரு. உனுக்கு இன்னா வந்துச்சு?"

மற்ற படங்களைப் பாருங்கள் என்றான் சிராஜ். மற்ற படங்கள் எங்கே இருக்கின்றன? அந்த மாதிரிப் பெட்டி தேதியை மறந்தால் அதற்கு எழுபதாம் வருஷம் ஜனவரி ஒன்றுதான், படத்துக்குப் பேரும் அந்தத் தேதியும் மணியும்தான். கரண்டு வந்த ஒவ்வொரு தரமும் அது எழுபதாம் வருஷத்திலிருந்தே ஆரம்பித்து, பழைய படத்தின் மேலேயே புதுப் படத்தை எழுதி வைத்திருந்தது. ஒரு மாதக் காவலில் மிஞ்சியது ஒரு பகல் பொழுதுதான். போனில் கேட்டபோது ஆசிக், "அதான் சொன்னேனே மச்சான்" என்று வைத்துவிட்டான்.

சிராஜின் முகம் செத்துப்போயிற்று. ஆனாலும் மன்னிப்பு என்ற வார்த்தை அந்த வாயில் வருமா? "சரி, சரி. திங்கக்கெழம லோடு வருது. காத்தாலயே வந்துடு" என்றான், என்னவோ பெரிய தயவு பண்ணுகிறவன் மாதிரி.

அருள்தாஸ் துண்டை உதறித் தோளில் போட்டான். "அதான் காமிரா வாங்கி வெச்சிக்கிறீங்களே பாய். அதையே மூட்ட எறக்கச் சொல்லுங்க."

சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டான். மறுவாரமே ஆண்டாளம்மாள் கடை மூட்டை அவன் முதுகில் ஏறியது.

திங்கட்கிழமை லாரி வந்து நின்றது. தெருவில் இருந்த அத்தனை சுமைக்காரர்களுக்கும் அன்றைக்கென்று இடுப்பு வலி. டிரைவர் ஹாரனை அடித்துக்கொண்டே இருந்தான். வேறு வழியில்லாமல் சிராஜ் சட்டையைக் கழற்றினான், லுங்கியை மடித்துக் கட்டினான். கார்டைத் திரும்பச் செருகி வைத்தவன், பரணில் இருந்த காமிராவைக் கழற்ற மறந்துவிட்டான். அது பாட்டுக்கு நிமிஷத்துக்கு ஒரு படம் எடுத்தது. எல்லாப் படத்திலும் சிராஜுதீன்தான். தலையில் மூட்டை, வாய் பிளந்திருக்கிறது, கால் தள்ளாடுகிறது. வாசலிலிருந்து உள்வரைக்கும் தவுடு சிந்திக் கிடக்கிறது. அதைக் கூட்டி அள்ள ஆளில்லை.