இன்னொருத்தரின் ஞானஸ்நானம்

என் வீட்டுக்காரரின் அடையாள அட்டையில் இருப்பது அவர் படமே அல்ல, அவருடைய அண்ணன் படம். இருவரும் இரட்டையர், நாலு நிமிட வித்தியாசம். என் மாமனார் சிக்கனத்தில் புலி. ஸ்டூடியோவுக்கு மூத்தவரை மட்டும் கூட்டிக்கொண்டு போய் எட்டுப் பிரதி எடுத்து, நாலை இவருக்கென்று பிரித்துக் கொடுத்துவிட்டார். "ரெண்டும் ஒரே மூஞ்சிதானே?" என்றாராம். அவரைச் சொல்லிக் குற்றமில்லை. கல்யாணம் பேசி முடித்த வாரம், வீட்டு வாசலில் வந்து நின்றவரைப் பார்த்து நான் வெட்கப்பட்டு உள்ளே ஓடினேன். வந்தவர் குழாய் பார்க்க வந்த அண்ணன். இன்றுவரை இரண்டு பேரும் அதைச் சொல்லிக்காட்டுகிறார்கள்.

கைக்குழந்தையாக இருந்தபோது மூத்தவருக்கு இரண்டு தடுப்பூசி விழுந்தது, இவருக்கு ஒன்றுகூட விழவில்லை. பள்ளிக்கூடத்தில் இவர் செய்த சேட்டைக்கு அவர் முட்டி போட்டார். வளர்ந்து இருவரும் பிளம்பர் ஆகி ஒரே கடை போட்டார்கள். அண்ணன் வாயாடி, அதனால் ஊருக்கு அவரைத்தான் தெரியும். என் வீட்டுக்காரரைப் பார்த்தால், "நீங்க அவரா, இன்னொருத்தரா?" என்று கேட்பார்கள். கடைசியில் இவரே போனை எடுத்தால் "இன்னொருத்தர் பேசுறேன்" என்று ஆரம்பித்துவிட்டார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

ஞாயிறு தவறாமல் சபைக்குப் போகிறவள் நான். இவர் வாசலில் என்னை இறக்கிவிட்டு ஸ்கூட்டரைத் திருப்பிக்கொண்டு போய்விடுவார். ஒரு சனிக்கிழமை, ஞானஸ்நானத் தொட்டி ஒழுகுகிறதென்று அங்கிருந்தே வேலைக்கு அழைப்பு வந்தது. இவர் தொட்டிக்கு அடியில் படுத்து மரை முடுக்கிக்கொண்டிருக்க, ஆளில்லை என்று நினைத்த போதகர் மறுநாள் பிரசங்கத்தை உரக்கப் பேசிப் பார்த்திருக்கிறார். "ஊரே உங்கள மாத்திக் கூப்பிடலாம். உங்களப் படைச்சவருக்கு ஆள் மாறாது!" இவர் சடாரென்று எழுந்து குழாயில் தலையை இடித்துக்கொண்டார்.

நெற்றியில் எலுமிச்சை அளவு புடைப்போடு வீட்டுக்கு வந்து, "ஏம்மா, கடவுளுக்கு என்னையும் எங்கண்ணனையும் பிரிச்சுத் தெரியுமா?" என்று கேட்டார்.

"எனக்கே தெரியுது, அவருக்குத் தெரியாதா?"

அவர் சிரிக்கவில்லை. "அப்ப நான் யாருன்னு ஒருத்தருக்காவது தெரியும்" என்றார். அப்போ நான் எந்தக் கணக்கு என்று சண்டை பிடித்திருப்பேன். கண் கலங்கியிருந்ததைப் பார்த்து விட்டுவிட்டேன்.

மூன்று மாதம் ஞானஸ்நான வகுப்புக்குப் போனார். அண்ணன் இல்லாமல் அவர் செய்த முதல் காரியம் அதுதான். "இது எனக்கு மட்டும்" என்று நாளுக்கு நாலு தரம் சொல்லிக்கொள்வார்.

அந்த ஞாயிறும் வந்தது. அண்ணன் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு, துண்டு பிடிக்க வந்திருந்தார். ஜெபத்துக்கும் அவருக்கும் ஏழாம் பொருத்தம். என் வீட்டுக்காரர் பக்கத்து அறையில் அங்கி மாற்றிக்கொண்டிருந்தபோது, தொட்டியில் தண்ணீர் மெல்லக் குறைவதை அண்ணன் பார்த்துவிட்டார். பிளம்பர் கை சும்மா இருக்குமா? ஸ்பேனரோடு உள்ளே இறங்கிக் குனிந்தார். அதே நேரம், நனையக் கூடாதென்று கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுப் போதகரும் இறங்கினார். கண்ணாடி இல்லாவிட்டால் அவருக்கு மாடும் பீரோவும் ஒன்று.

தோளைப் பிடித்தார். "ஐயா, நான் வந்து..." என்றார் அண்ணன்.

"பயப்படாதீங்க தம்பி, எல்லாருக்கும் மொதல்ல இப்படித்தான் இருக்கும்."

போதகர், என் வீட்டுக்காரர் பெயரை முழுசாகச் சொல்லி, அண்ணனை ஒரே அமுக்காக அமுக்கிவிட்டார். பாடகர் குழு முழங்கியது. நான் அலறினேன். பக்கத்திலிருந்த அம்மாள், சந்தோஷத்தில் கத்துகிறேன் என்று நினைத்து என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். அண்ணன் ஸ்பேனரை உயர்த்திப் பிடித்தபடி மேலே வந்தார்.

அப்போது பக்கத்து அறைக் கதவு திறந்தது. வெள்ளை அங்கியில், ஒரு சொட்டு ஈரமில்லாமல் என் வீட்டுக்காரர் நின்றார்.

பாட்டு ஒவ்வொரு குரலாக நின்றது. போதகர் தடவித் தடவிக் கண்ணாடியை எடுத்துப் போட்டு, இவரைப் பார்த்தார், அவரைப் பார்த்தார், படியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"இதுவுமாண்ணே?" என்றார் என் வீட்டுக்காரர். அவ்வளவுதான் சொன்னார்.

"டேய், நான் கேக்கலடா! அந்த ரெண்டாவது ஊசிய நான் கேட்டு வாங்கினேனா? இதுவும் அப்படித்தான்" என்று பதறிப் பின்வாங்கிய அண்ணன், வடிகால் மூடியை மிதித்துப் பெயர்த்துவிட்டார். கடகடவென்று தொட்டி காலியானது.

போதகர் எழுந்து வந்து இவர் கையைப் பிடித்தார். "தப்பு என்னோடது தம்பி. ஏமாந்தது என் கண்ணுதான். ஆண்டவர் ஏமாறல."

இவர் அண்ணனிடம் கையை நீட்டி, "ஸ்பேனரக் குடுண்ணே" என்றார். அங்கியோடு இறங்கி மூடியை மாட்டி முடுக்கினார். தொட்டி நிரம்ப நாற்பது நிமிடம் பிடித்தது. ஒருவரும் எழுந்து போகவில்லை. பாடகர் குழு தெரிந்த பாட்டையெல்லாம் பாடி முடித்து, மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தது.

இம்முறை போதகர் கண்ணாடியைக் கயிறு போட்டுக் கட்டியிருந்தார். "நீங்க யாரு?" என்று கேட்டார். போனில்கூடத் தன் பெயரைச் சொல்லாத மனுஷன், கூடமே அதிரும்படி பெயரைச் சொன்னார். "நான்தான் ஐயா. நானேதான்." அவர் முழுகி எழுந்தபோது நான் தேம்பித் தேம்பி அழுதேன்.

அன்றிலிருந்து சபையில் அவருக்கு ஒரு வேலை. ஒவ்வொரு ஞானஸ்நானத்துக்கும் தொட்டியோரம் நின்று, இறங்குகிறவரின் முகத்தைப் பார்த்துப் பெயர் கேட்டுப் போதகருக்குச் சொல்ல வேண்டும். ஆறு வருஷமாகத் தெரிந்த அம்மாளிடம்கூட மூன்று தரம் கேட்பார், அப்படி ஒரு கண்டிப்பு. போனையும் இப்போது பெயரைச் சொல்லித்தான் எடுக்கிறார்.

அண்ணனோ, ஒழுகுகிறதா என்று பார்க்கிற சாக்கில் வாராவாரம் வந்து பின்வரிசையில் உட்கார ஆரம்பித்தார். ஒன்றரை வருஷம் கழித்து ஒருநாள் அங்கியோடு வரிசையில் நின்றார்.

"உங்களுக்குத்தான் ஏற்கெனவே ஆயிடுச்சே!" என்று சீண்டினேன்.

"ரெண்டு ஊசி தாங்கினவனுக்கு ரெண்டு முழுக்கு பெருசாம்மா?" என்றார். ஆனால் தொட்டியோரம் வந்ததும் தம்பி கையைப் பிடித்து, மெதுவாகக் கேட்டார்: "டேய், இந்தத் தடவ என் பேர்லதானேடா?"

அதுவரை தொலைந்துபோனவர் என் வீட்டுக்காரர் மட்டும்தான் என்று நினைத்திருந்தேன்.

என் வீட்டுக்காரர் அண்ணன் பெயரைக் கூடம் முழுக்கக் கேட்கும்படி சொன்னார். "உன் பேர்லதாண்ணே" என்று சொல்லி, அண்ணன் கையிலிருந்த ஸ்பேனரை வாங்கி வைத்துக்கொண்டார்.