தலைக்கு மேலே வந்துவிட்டுப் போன தம்பி

இரண்டு வருடத்துக்கு முன்னால், ஐப்பசி மாதத்து வெள்ளிக்கிழமை விடிகாலையில் ராஜபாளையத்தில் எங்கள் அம்மா இறந்துபோனாள். நான் ஸ்ரீவில்லிபுத்தூரில் வாழ்க்கைப்பட்டவள். கேள்விப்பட்டதும் ஓடி வந்துவிட்டேன். என் ஒரே தம்பிக்குப் பெங்களூரில் வேலை. அப்பா முன்பே போய்விட்டார். எங்கள் பக்கத்தில் தாய்க்குக் கடைசி மகன்தான் கொள்ளி வைக்க வேண்டும். எங்கள் வீட்டில் கடைசியும் அவன்தான், முதலும் அவன்தான்.

மதியத்துக்கு மேல் ஒரு விமானத்தில் இடம் கிடைத்தது என்று போனில் அழுதான். "மதுரைக்கு எம்புட்டு நேரமாகும் தாயி?" என்று சித்தப்பா கேட்டார். வானத்தில் ஒரு மணி நேரத்துக்குச் சற்றுக் கூட, பிறகு காரில் இரண்டு மணி நேரம் என்று நான்தான் கூட்டிச் சொன்னேன்.

"அப்பம் பொழுது அடையறதுக்குள்ள வந்துருவான். காத்திருப்போம்" என்றார் அவர்.

மறுநாள் சனிக்கிழமை. சனிப் பிணம் தனியாகப் போகாது, துணைக்கு இன்னொரு உயிரைக் கேட்கும் என்பார்கள். அதனால் ஐஸ் பெட்டி இருந்தும் அன்றைக்கே, பொழுது அடையும் முன் எடுத்தாக வேண்டும்.

விமானம் போகிற வழி போனில் தெரியுமல்லவா? அதைத் திறந்து வைத்துக்கொண்டு அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்தேன். வந்தவர்களெல்லாம் எங்கே வருகிறான் என்று என்னைத்தான் கேட்டார்கள். சேலம் தாண்டிவிட்டான், திண்டுக்கல் வந்துவிட்டான் என்று சொல்லச் சொல்ல எனக்கும் ஒரு தெம்பு வந்தது.

மதுரையில் இடியும் மழையும். விமானம் இறங்க முடியாமல் சுற்ற ஆரம்பித்தது. ஒரு சுற்றில் ஸ்ரீவில்லிபுத்தூரைக் கடந்து எங்கள் ஊருக்கு நேர் மேலேயே வந்துவிட்டது. பெண்கள் எல்லோரும் தெருவுக்கு ஓடி அண்ணாந்து பார்த்தோம். மேகத்தைத் தவிர ஒன்றும் தெரியவில்லை. இரைச்சல் மட்டும் லேசாகக் கேட்டது. "ஏலே, ஒங்காத்தா இங்கன கெடக்காலே" என்று அத்தை வானத்தைப் பார்த்துக் கதறினாள். பாவி மனுஷி, அவன் காதில் விழும் என்றே நினைத்தாள். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

கொஞ்ச நேரத்தில் விமானம் வடக்கே திரும்பிவிட்டது. திருச்சியில் இறக்கிவிட்டார்கள். "எடுத்துராதீங்கக்கா, கார் பிடிச்சு வந்துருதேன்" என்று கெஞ்சினான். அங்கிருந்து அவன் வருவதற்குள் பொழுது அடைந்துவிடும்.

சித்தப்பாவிடம் போய் நின்றேன். "நாளைக்கு எடுப்போம் சித்தப்பா. பாடையில துணைக்கு ஒரு கோழிக்குஞ்சு கட்டி அனுப்பிருவோம்."

"சின்னப் பிள்ளைக உள்ள வீடு தாயி. வேண்டாம்."

"அப்பம் நான் கொள்ளி வைக்கேன். நானும் அவ பெத்த பிள்ளைதான?"

அவர் திட்டவில்லை, மறுக்கவும் இல்லை. நான் பேசியதே காதில் விழாத மாதிரி, பெரியப்பா மகனைக் கூப்பிட்டு, கொள்ளி வைக்க வேட்டி மாற்றச் சொன்னார். அம்மா படுக்கையில் கிடந்தபோது ஒருநாள்கூட எட்டிப் பார்க்காதவன் அவன். தெருமுக்கு வரைக்கும்தான் என்னை விட்டார்கள்.

இருட்டிய பிறகு தம்பி வந்தான். சுடுகாட்டுக்குப் போய்த் திரும்பியவன், நேராக என் மடியில் வந்து விழுந்தான். "கடைசியா ஒரு வாட்டி மூஞ்சியப் பாக்க முடியலயேக்கா" என்றான்.

அவனையாவது மழை தடுத்தது. அம்மாவின் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்த என்னை எது தடுத்தது என்று கேட்டுக் கேட்டு, இன்றைக்கும் என் மனசு ஆறவில்லை.